ஒரு பாகம் மாறினால் எத்தனை பேருக்குத் தெரிய வேண்டும்?

நாற்று மேடையில் விதை போட்ட நாள் தொடக்கம் சூடடித்து மூட்டை கட்டும் நாள் வரை ஒரு வயலுக்கு ஒரு வரலாறு உண்டு. எந்த இன விதை, எந்த உரம், எப்போது மருந்து அடிக்கப்பட்டது, எப்போது தண்ணீர் விடப்பட்டது என்பவற்றைக் குறித்து வைக்கும் விவசாயி, விளைச்சல் குறைந்தால் பிழை எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பார். குறித்து வைக்காதவர் வானத்தையும் விதை விற்றவரையும் நொந்துகொள்வார்.

தொழிற்சாலையில் செய்யப்படும் பொருளுக்கும் இத்தகைய ஒரு வரலாறு உண்டு. யாரோ ஒருவரின் மனதில் எண்ணமாகத் தோன்றி, வரைபடமாகி, பாகங்களாகப் பிரிந்து, செய்யப்பட்டு, விற்கப்பட்டு, திருத்தப்பட்டு, இறுதியில் பழைய இரும்புக் கடைக்குப் போகும் வரை அதன் வாழ்க்கை வட்டம் நீள்கிறது. இவ்வட்டம் முழுவதிலும் எழும் தகவல்களை ஒரே இடத்தில் சேர்த்து ஒழுங்குபடுத்துவதையே 'உற்பத்திப் பொருள் வாழ்க்கை வட்ட முகாமைத்துவம்' என்கின்றனர். ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு சுருக்கமாக பி.எல்.எம். என அழைப்பர். இதற்கெனப் பல மென்பொருட்கள் சந்தையில் உள்ளன.

இது பெரிய கம்பனிகளின் விடயம், எமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எமது கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். உழவு இயந்திரப் பெட்டி, நெல் தூற்றும் இயந்திரம், நீர்த்தாங்கி போன்றவற்றைச் செய்யும் சிறு பட்டறைகளும் ஆங்காங்கே உள்ளன. இவர்கள் எல்லோருக்கும் இவ்விடயத்தில் பங்குண்டு. எனவே இம்மென்பொருட்களை எவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதை இக்கட்டுரையில் ஆராய்கிறோம். அதற்கு முன்னர், இவ்வொழுங்கு பிழைத்த இரு இடங்களை அறிந்துகொள்வது அவசியமாகும்.

இலக்கம் மாறாத ஆளி

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி ஷெவர்லே கோபால்ற், சற்றேர்ண் அயன் முதலிய சிறிய கார்களுக்கு ஒரு வகைத் தொடக்க ஆளியைப் பொருத்தியது. திறப்பைப் போட்டுத் திருப்பும் ஆளி இதுவே. இதன் உள்ளே திறப்பை உரிய நிலையில் பிடித்து வைக்கும் பாகம் போதிய பலத்துடன் இருக்கவில்லை. பாரமான திறப்புக் கோர்வை தொங்கினாலோ, சாரதியின் முழங்கால் தட்டுப்பட்டாலோ ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பு தானாகத் திரும்பிவிடும். எஞ்சின் நின்றுவிடும். சுக்கானைத் திருப்ப உதவும் விசையும் நின்றுவிடும். விபத்தில் உயிரைக் காக்க வேண்டிய காற்றுப் பைகளும் விரியமாட்டா.

2006 ஏப்ரலில் அக்கம்பனியின் பொறியியலாளர் ஒருவர் இவ்வாளியைத் திருத்துவதற்கு ஒப்புதல் அளித்தார். ஆளியின் உட்பாகம் நீளமானதாக மாற்றப்பட்டது. திருத்தம் நல்லதே. ஆனால் ஆளியின் பாக இலக்கம் மாற்றப்படவில்லை. பழைய ஆளிக்கும் புதிய ஆளிக்கும் ஒரே இலக்கம், ஒரே பெயர், வெளித்தோற்றமும் ஒன்றுதான்.

இதன் விளைவு என்ன? பின்னர் காற்றுப் பை விரியாத விபத்துக்களை ஆராய்ந்தவர்கள் குழம்பிப் போயினர். 2007 ஆம் ஆண்டு வரையான கார்களில் கோளாறு இருந்தது. அதற்குப் பிந்தியவற்றில் இல்லை. ஆளியில் ஏதும் மாற்றம் நடந்ததா என்று ஏடுகளைப் புரட்டினால் மாற்றமே இல்லை என்று இலக்கம் சொன்னது. ஒரு விபத்து வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பத்தார் அமர்த்திய நிபுணர் பழைய ஆளியையும் புதிய ஆளியையும் கழற்றிப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அது 2013 ஆம் ஆண்டு. மறு ஆண்டு பெப்ரவரியில் கார்களைத் திருப்பி அழைக்கும் பணி தொடங்கியது. ஏறக்குறைய 26 இலட்சம் வாகனங்கள் திருப்பி அழைக்கப்பட்டன. இவ்வாளி காரணமாக 124 மரணங்கள் நேர்ந்தனவென நட்ட ஈட்டு நிதியம் 2015 இல் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு அமெரிக்க நீதித் திணைக்களத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கம்பனி 90 கோடி டொலர் செலுத்த நேர்ந்தது.

ஒரு பாகம் மாறும்போது அதன் இலக்கமும் மாற வேண்டும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. அதை எழுதாமல் விட்டதனால் ஏழு ஆண்டுகள் உண்மை மறைந்து கிடந்தது.

எட்டாத வயர்கள்

இரண்டாவது கதை ஐரோப்பாவில் நடந்தது. ஏயர்பஸ் கம்பனி ஏ380 என்னும் இரு தட்டு விமானத்தைச் செய்தது. ஒரு விமானத்தினுள் ஓடும் வயர்களின் மொத்த நீளம் ஏறக்குறைய 530 கிலோ மீற்றர். விமானத்தின் முன், பின் உடற்பகுதிகள் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் வயர்கள் பொருத்தப்பட்ட நிலையில் தயாராகி, பிரான்சின் துலூஸ் நகருக்குச் சென்று அங்கே ஒன்று சேர்க்கப்பட்டன. சேர்க்கும்போது வயர்க் கட்டுகள் பொருந்தவில்லை. சில இடங்களில் நீளம் எட்டவில்லை.

இரு நகரங்களிலும் கணனி இல்லாமல் இல்லை. இரு இடத்தாரும் பயன்படுத்தியது கற்றியா என்னும் ஒரே வரைபட மென்பொருளையே. ஆனால் ஹம்பேர்க் நகரத்தார் அதன் நான்காம் பதிப்பிலும், துலூஸ் நகரத்தார் ஐந்தாம் பதிப்பிலும் வேலை செய்தனர். இவ்விரண்டும் ஒரே மரத்துக் கிளைகள் போலத் தோன்றினாலும் ஒன்றின் வரைபடம் மற்றதில் முழுமையாகத் திறபடவில்லை. ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்ற இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஜேர்மனியிலிருந்து பெருந்தொகையான தொழிலாளர் துலூஸ் நகருக்குச் சென்று வயர்களைக் கையால் மாற்ற வேண்டியதாயிற்று.

2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டபோது தாய்க் கம்பனியின் பங்கு விலை ஒரே நாளில் காற்பங்குக்கும் மேலாக வீழ்ந்தது. தலைவர்கள் பதவி விலகினர். முதலாவது விமானம் சிங்கப்பூர் விமான சேவைக்கு 2007 ஒக்டோபரில்தான் கையளிக்கப்பட்டது. 2007 பெப்ரவரியில் ஏயர்பஸ் 10,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. ஏ380 தாமதத்தால் ஏற்பட்ட நட்டம் இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். பதிப்புக்களை ஒன்றாக்காத முடிவை எடுத்தவர்கள் ஒரு சிலர். வேலை இழந்தவர்கள் வேறு பலர் என்பதை நாம் இங்கு கவனிக்க வேண்டும்.

மென்பொருள் செய்யும் வேலை

இந்த இரு கதைகளிலிருந்தும் இம்மென்பொருட்களின் வேலை எதுவென விளங்கும். முதலாவது, ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இலக்கம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பதிப்பு எழுத்து என்பதைக் கட்டாயமாக்குதல். இரண்டாவது, பொருளின் பாகப் பட்டியலை ஒரே இடத்தில் வைத்திருத்தல். மூன்றாவது, மாற்றம் ஒன்றைச் செய்ய விரும்புபவர் காரணத்தை எழுதி, உரியவர்கள் கையொப்பமிட்ட பின்னரே அது நடைமுறைக்கு வரச் செய்தல். நான்காவது, மாற்றம் வந்ததும் பழைய வரைபடத்தை அகற்றிப் புதியதை வேண்டிய எல்லோருக்கும் காட்டுதல். கொள்வனவு, களஞ்சியம், சம்பளம் முதலியவற்றைப் பார்க்கும் கணக்கியல் மென்பொருள் வேறு, இது வேறு. அது எத்தனை ஆளிகள் வாங்கினோம் என்று சொல்லும். இது எந்த ஆளி, ஏன் அந்த ஆளி என்று சொல்லும்.

சந்தையில் உள்ளவை

பெரும் கம்பனிகள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்கின்றன. ஜேர்மனியின் சீமென்ஸ் கம்பனி விற்கும் டீம்சென்ரர், பிரான்சின் டசோ சிஸ்டம்ஸ் விற்கும் எனோவியா, அமெரிக்காவின் பி.ரி.சி. விற்கும் விண்ட்சில் என்பன அவை. கார், விமானம், கப்பல் போன்று பல்லாயிரம் பாகங்கள் கொண்ட பொருட்களுக்கு இவை ஏற்றவை. ஒவ்வொன்றும் தன் தாய்க் கம்பனியின் வரைபட மென்பொருளுடன் மிக நெருக்கமாக ஒட்டும்: டீம்சென்ரர் என்.எக்ஸ். உடனும், எனோவியா கற்றியாவுடனும், விண்ட்சில் கிரியோவுடனும். மற்றையவற்றையும் ஏற்கும், ஆனால் சொந்தப் பிள்ளைக்குள்ள இடம் வேறுதான். இவற்றை நிறுவுவதற்குப் பல மாதங்களும் தேர்ந்த ஆட்களும் வேண்டும்.

அமெரிக்காவின் ஆராஸ் இன்னோவேற்றர் வேறு வழியில் செல்கிறது. 2007 ஆம் ஆண்டு தொடக்கம் அதன் மென்பொருளை அனுமதிக் கட்டணமின்றிப் பெற வழி செய்யப்பட்டது. ஆதரவும் புதிய பதிப்புக்களுக்கு மாற்றித் தரும் சேவையும் வேண்டுவோர் சந்தா செலுத்துவர். தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்க இடமுண்டு. ஆனால் மாற்றியமைக்கத் தெரிந்தவர் கம்பனியில் இருக்க வேண்டும். கன்று இலவசமாகக் கிடைத்தாலும் தீவனம் இலவசமாகக் கிடைப்பதில்லை.

நடுத்தரக் கம்பனிகளுக்கென மேகக் கணனியில் இயங்குபவை உள்ளன. ஓட்டோடெஸ்க் கம்பனியின் பியூஷன் மனேஜ், பி.ரி.சி. 2021 இல் வாங்கிய அரீனா என்பன இவ்வகையின. தரவு முழுவதும் விற்பவரின் கணனியில் இருக்கும். நாம் இணையத்தின் வழியே பார்ப்போம். சொந்தமாகப் பெரிய கணனி வாங்கத் தேவையில்லை, விரைவில் தொடங்கலாம். இணையம் அறுந்தால் வேலையும் அறும் என்பது இதன் மறுபக்கம்.

ஆடைத் தொழிலுக்கென்றே சென்ட்ரிக், லெக்ரா போன்ற கம்பனிகளின் மென்பொருட்கள் உள்ளன. இவை திருகாணிக்கும் இரும்புத் தகட்டுக்கும் பதிலாகத் துணி, நிறம், அளவு, பருவகாலம் என்பவற்றை அடிப்படையாகக் கொண்டவை. கார் செய்பவரின் மென்பொருளை ஆடைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவருவது, மண்வெட்டியால் தேங்காய் துருவ முயல்வது போலாகும்.

ஒப்பிட ஐந்து கேள்விகள்

விற்பனையாளர் தரும் புத்தகத்தில் எல்லா மென்பொருளும் எல்லா வேலையும் செய்யும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். எமது கருத்தில், பின்வரும் ஐந்து கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே விலையைப் பேச வேண்டும்.

முதலாவது: இலக்கம் மாற்றாமல் பாகத்தை மாற்ற இம்மென்பொருள் விடுமா? ஒருவர் தனியே ஒப்புதல் அளித்து முடிக்க முடியுமா? முடியுமாயின் ஜெனரல் மோட்டோர்ஸ் கதை இங்கும் நடக்கலாம். மென்பொருளைச் சுற்றி ஓடத் தெரிந்தவர் எங்கும் இருப்பர். அப்படி ஓடினால் அது பதிவாகுமா என்பதே கேள்வி.

இரண்டாவது: மாற்றம் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியை எவ்வாறு சென்றடையும்? பொறியியலாளரின் திரையில் மட்டும் புதிய வரைபடம் தோன்றி, தொழிலாளியின் கையில் பழைய தாள் இருந்தால் மென்பொருள் வாங்கியதில் பயனில்லை. அவருக்கு விளங்கும் மொழியில், பெரிய எழுத்தில், படத்துடன் காட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். எமது நாட்டில் மேலாளர் ஆங்கிலத்திலும், மேற்பார்வையாளர் சிங்களத்திலும், தொழிலாளி தமிழிலும் வேலை செய்யும் இடங்கள் உண்டு. அங்கு இக்கேள்வி முதலிடம் பெறும்.

மூன்றாவது: எம்முடைய வரைபடங்களையும், எமக்குப் பாகம் தருவோரின் வரைபடங்களையும் அது பிழையின்றித் திறக்குமா? எந்தப் பதிப்பில்? ஏயர்பஸ் கற்ற பாடம் இதுவே.

நான்காவது: நாம் விலக விரும்பினால் எமது தரவுகளைக் கையோடு எடுத்துச் செல்ல முடியுமா? இத்துறையில் கடைக்காரர் அடிக்கடி மாறுகின்றனர். டீம்சென்ரரை உருவாக்கிய யு.ஜி.எஸ். கம்பனியை சீமென்ஸ் 2007 இல் வாங்கியது. அதே ஆண்டு அஜைல் கம்பனியை ஒறக்கிள் வாங்கியது. மேற்றிக்ஸ்வண் கம்பனி 2006 இல் டசோவிடம் போனது. ஆடைத் துறையின் கேர்பர் 2021 இல் லெக்ராவிடம் சேர்ந்தது. இன்று கைகுலுக்கும் விற்பனையாளர் பத்து ஆண்டுகளின் பின் இருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. வரைபடங்களைக் கம்பனி வேறுபாடின்றிப் பரிமாறுவதற்கு ஸ்ரெப் எனப்படும் சர்வதேசத் தராதரம் 1994 இல் வெளியிடப்பட்டது. அதன் இலக்கம் ஐ.எஸ்.ஓ. 10303. வரைபடங்கள் இவ்வடிவிலும், பாகப் பட்டியலும் மாற்ற வரலாறும் சாதாரண அட்டவணை வடிவிலும் வெளியே வருமா என்று வாங்குமுன் செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது: மொத்தச் செலவு என்ன? அனுமதிக் கட்டணமோ சந்தாவோ தொடக்கம் மட்டுமே. பழைய வரைபடங்களைத் தேடித் துப்புரவாக்கி உள்ளிடுதல், ஊழியருக்குப் பயிற்சி, ஆண்டுதோறும் ஆதரவு, பதிப்பு மாற்றம் என்பன பின்னால் வரும். சந்தா பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்தில் என்பதால் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தால் செலவு தானாக ஏறும். 2022 இல் டொலர் விலை ஏறியபோது நாம் இதனை எல்லாத் துறையிலும் கண்டோம்.

இக்கேள்விகளுக்கு வாய்ப் பதில் போதாது. விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரிப் பொருளை வைத்தல்ல, உங்களுடைய சொந்தப் பொருள் ஒன்றை வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதில் ஒரு பாகத்தை மாற்றும்படி கேளுங்கள். மாற்றம் எத்தனை பேரைக் கடந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது, களஞ்சியத்தில் கிடக்கும் பழைய பாகத்துக்கு என்ன நடக்கும் என்று பாருங்கள். போட்டியிடும் இரு மென்பொருட்களுக்கும் அதே பொருள், அதே மாற்றம். வேறுபாடு தானாகத் தெரியவரும். அந்தச் சோதனையின்போது கணனிப் பகுதியினர் மட்டுமன்றி, ஒரு மேற்பார்வையாளரும் ஒரு தொழிலாளியும் கூடவே இருக்க வேண்டும்.

ஆடைத் தொழிற்சாலையில்

இலங்கையின் பொருள் ஏற்றுமதியில் ஆடைகளே முதலிடம் வகிக்கின்றன. கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பு முதலிய இடங்களிலும் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. ஓர் ஆடைக்கு வெளிநாட்டுக் கொள்வனவாளர் அனுப்பும் விவரக் கோவையில் துணி, நூலின் நிறம், பொத்தான், ஒவ்வோர் அளவுக்குமான நீள அகலம், கழுவும் குறிப்புச் சீட்டு என யாவும் அடங்கும். தைக்கத் தொடங்கிய பின்னரும் கொள்வனவாளர் பொத்தானை மாற்றலாம். அளவில் அரை சென்ரி மீற்றர் கூட்டலாம். அம்மாற்றம் வெட்டும் பிரிவுக்குப் போய், தைக்கும் வரிசைக்குப் போகாவிட்டால் என்ன நடக்கும்? ஆயிரக்கணக்கான உடுப்புகள் நிராகரிக்கப்படும். கப்பல் காத்திருக்காது. பிரித்துத் திரும்பத் தைக்கும் மேலதிக நேரம் இரவிலே அப்பிள்ளைகளின் முதுகில் விழும். பிழை யாருடையதோ, ஏச்சு அவர்களுக்கே கிடைக்கும். எப்போது, யார், எதை மாற்றினார் என்ற பதிவு இருந்தால் அது தொழிலாளிக்கும் ஒரு பாதுகாப்பாகும்.

இனி வரும் காலத்தில் இப்பதிவின் தேவை கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலைபேறான பொருட்களுக்கான புதிய சட்டம் 2024 யூலை 18 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒரு பொருள் எதனால் செய்யப்பட்டது, எவ்வாறு திருத்தலாம் என்பன போன்ற தகவல்களைக் கொண்ட கணனிக் கடவுச்சீட்டு படிப்படியாகப் பல வகைப் பொருட்களுக்கு வேண்டப்படும். ஆடைகளும் துணிகளும் முதலில் கவனிக்கப்படும் வகைகளுள் அடங்கும். அச்சந்தைக்கு அனுப்பும் எமது தொழிற்சாலைகள் துணியின் வரலாற்றைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சிறு பட்டறைக்கு

நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இம்மென்பொருட்கள் எதுவும் இன்று தேவையில்லை என்பதே எமது கருத்து. ஆனால் அவற்றின் ஒழுங்கு தேவை. அதற்கு ஒரு கொப்பி போதும்.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். நெல் தூற்றும் இயந்திரத்தின் விசிறி 12 என்றால், அதன் அலகை ஓர் அங்குலம் நீட்டியவுடன் அது 12-அ ஆகட்டும். கொப்பியில் திகதி, என்ன மாற்றம், ஏன், யார் சொன்னது என்று நான்கு வரி எழுதுங்கள். பழைய வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றி, குறுக்கே கோடிட்டு, ஒரு கோவையில் வையுங்கள், எறிந்துவிட வேண்டாம். விற்ற ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இலக்கம் அடித்து, அது எந்த விசிறியுடன் போனது, யார் வாங்கினார் என்று குறியுங்கள். ஓர் அலகு உடைந்து ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அதே அலகு வேறு எத்தனை வீடுகளில் சுழல்கிறது என்பதை அன்றே அறிந்து ஆள் அனுப்ப முடியும்.

இந்தப் பழக்கம் உள்ள பட்டறை வளர்ந்து, நாளை ஒரு மென்பொருளை வாங்கினால் அது பயன் தரும். பழக்கம் இல்லாத இடத்துக்குக் கணனி வந்தால், குழப்பம் முன்னரிலும் வேகமாக நடக்கும். எனவே வாசகர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. உங்கள் கூட்டுறவுச் சங்கமோ, பட்டறையோ, பிள்ளைகள் வேலை செய்யும் தொழிற்சாலையோ எதுவாயினும், கடைசியாக மாறிய பாகம் எது, அம்மாற்றம் யார் யாருக்குச் சொல்லப்பட்டது என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். விடை ஒரு கொப்பியிலோ கணனியிலோ இருந்தால் நல்லது. ஒருவரின் ஞாபகத்தில் மட்டும் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகுமுன் எழுதி வாங்கிவிடுங்கள்.